சொர்ணம்மாவின் குரல் தொலைந்த இடம்

"ஹலோ, ஹலோ. ஜங்லிகாட் மீன் மார்க்கெட்லேருந்து ரூபா பேசுறேன். இன்னிக்கு சூரை மீன் மலிவு. எங்க சாரோட பொறுமை அதைவிட மலிவு."

ரூபா அந்தச் சின்ன லேப்டாப்பின் பட்டனைத் தட்டினாள். சொன்னது அத்தனையும் மூக்கடைத்த குரலில் திரும்பி வந்தது.

"மைக்குக்கு ஒரு குறையும் இல்ல சார். குறை என் குரல்லதான்."

துப்பறியும் சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. போலீஸ் வயர்லெஸ் பிரிவில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். இரைச்சலுக்கு நடுவே இழை போன்ற ஒரு குரலைப் பிரித்துக் கேட்டே பழகிய காது அவருக்கு. இப்போது தையல் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு போர்டு, ஓர் உதவியாளர். போர்ட் பிளேயரில் பெரிய குற்றம் எதுவும் அவரைத் தேடி வருவதில்லை. காணாமல் போன ஸ்கூட்டரும், மெயின்லேண்ட் மாப்பிள்ளையின் பூர்வோத்தரமும்தான் வரும். இன்று வந்திருந்த வழக்கு இரண்டிலும் சேராது.

எதிர் நாற்காலியில் இருந்த சொர்ணம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"இங்க பேசுது ஐயா. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ரிப்பேர்க் கடையில குடுத்தா பேசுது, நீங்க தொட்டா பேசுது. வீட்டுக்குக் கொண்டுபோயி வீடியோவுல அந்தப் புள்ளைக்கு முன்னால ஒக்காந்தா மட்டும் ஊமையாப் போயிருது."

அந்தப் பிள்ளையின் கதை இது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் சொர்ணம்மாவுடையது. சுனாமி வந்த அன்று காலை, ஆறு வயது மகன் முருகையா கடலோரத்து நிக்கோபாரி நண்பன் வீட்டுக்கு, கிறிஸ்துமஸ் மறுநாள் விருந்துக்குப் போயிருந்தான். கால் உடைந்த சொர்ணம்மாவை முதலில் வந்த கப்பலில் ஏற்றி போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தீவிலேயே தங்கிவிட்ட கணவர் ஐயாவு, பிறகு பையன் இல்லாமல் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு முருகையா, காணாமல் போனவர்களில் ஒருவன்.

ஒன்பது வருஷம் கழித்து, போன மழைக்காலத்தில், கடலூர்ப் பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து இங்குள்ள தமிழர் சங்கத்துக்கு ஒரு படம் வந்தது. அலைக்குப் பிறகு அந்தமான் முகாமிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாகச் சென்னைக்கு ஏற்றப்பட்ட ஒரு பையன். தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வடியச் சிரட்டை கட்டியிருக்கும் என்று மட்டும் சொல்வானாம்.

"தலையில ரெட்டைச் சுழி ஐயா. எம் புள்ளைக்கும் அப்படித்தான்."

"போன்ல பேசிப் பார்க்கலையா?" என்றார் சிவப்பிரகாசம்.

"போனைக் காதுல வெச்சா பயந்து கீழ போட்டுருதாம். மூஞ்சியக் காட்டிப் பேசினாத்தான் ஒக்காந்து கேக்குதாம். தாய் மொகமும் கொரலும் ஒண்ணா வந்தா ஞாபகம் வந்தாலும் வரும்னு டாக்டரு சொன்னாராம். எழுதிக் காட்டலாம்னா அதுக்கும் படிப்பு ஏறல, எனக்கும் கையெழுத்தோட சரி. ஒவ்வொரு ஞாயித்துக் கெழமையும் நான் கத்துறேன், அது என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கு."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் கிடைச்சா..." என்று இழுத்தார் அவர்.

"அடுத்த ஞாயிறு இல்ல ஐயா. காப்பகத்தை மூடுறாங்க. புள்ளைங்களைப் பிரிச்சு அனுப்புறாங்க. இன்னிக்கு என் கொரலை அடையாளம் கண்டுக்கிட்டா, வார்டனே கப்பல்ல கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு. இல்லேன்னா கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ தொழில் படிக்கிற எடமாம். அப்புறம் நான் எங்கன்னு தேட?"

இந்த இடத்தில் போடுவதற்கு ரூபாவிடம் ஜோக் ஏதும் இல்லை. ஆனாலும் சும்மா இருக்கப் பழக்கம் இல்லாதவள்.

"சார், எனக்கு ஒரே சந்தேகம்தான். அந்த ரிப்பேர்க் கடைக்காரன். கடையில சரி பண்ற மாதிரி பண்ணி, வீட்டுல கெட்டுப்போற மாதிரி செட்டிங் வெச்சிருக்கான். பக்கா ஃப்ராடு."

"அவன் இதுவரைக்கும் ஒண்ணுமே வாங்கலைன்னு அவங்க முதல்லயே சொன்னாங்க."

"அப்ப பேய்தான் சார்."

"ரூபா, கடையிலும் அதே லேப்டாப். வீட்டிலும் அதே லேப்டாப். நடுவுல ஒரு வழி இருக்கு. குரல் அந்த வழியில எந்த இடத்துல தொலையுதுன்னு தெரிஞ்சா, எடுத்தது யாருன்னு தெரிஞ்சுடும்." எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "ரெக்கார்டிங்கைப் போடு. அவங்க வீடு வரைக்கும் நிறுத்தாமப் பேசிக்கிட்டே வா."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாயை மூடு என்று மட்டுமே சொல்லி வந்த மனிதர். ரூபாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

ஆட்டோவில் லேப்டாப்பை மடியில் திறந்து வைத்துக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். மீன் மார்க்கெட்டைக் கடக்கிறோம், நாற்றத்தைப் பதிவு செய்ய முடியவில்லை, மன்னிக்கவும். வலது பக்கம் ஒரு எருமை, அதற்கு வழி விட்டாயிற்று. முன் சீட்டில் சார், சிரித்தால் அபராதம் என்ற முகத்தோடு. சொர்ணம்மாகூட ஓரிடத்தில் லேசாகச் சிரித்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்து, மேட்டில் பொறுக்க முடியாமல், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று இந்தியில் கேட்டார்.

"மேடம், தபியத் தீக் ஹை?"

"தபியத் எல்லாம் தீக் பையா. ட்யூட்டி," என்றாள் ரூபா, அதையும் மைக்கிடம்.

டெய்ரி ஃபார்ம் பகுதியில் மேட்டுச் சந்தின் கடைசி வீடு. ஐயாவு வாசலிலேயே நின்றார். கப்பல் நிற்கும் ஜெட்டியில் கம்பிக் கயிற்றுக்கும் சங்கிலிக்கும் கிரீஸ் பூசும் வேலை. ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டுக்குள்ளும் அதே வேலைதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. டிவி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. டார்ச் லைட்டின் மூடியில் மெழுகு. சாவிக்கொத்து எண்ணெய் டப்பாவுக்குள். ரூபாவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவள் அம்மாவும் மிக்ஸியைப் போர்வைக்குள்தான் தூங்க வைப்பாள். இந்தத் தீவில் உப்புக்காற்று தின்னாத பொருள் எது?

"குடுங்க பாப்பா," என்று ஐயாவு கையை நீட்டினார். "வழியெல்லாம் உப்புக்காத்து. தொடைச்சு வெக்கிறேன்."

ரூபா சிவப்பிரகாசத்தைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார். ரெக்கார்டிங்கை நிறுத்தாமலே கொடுத்தாள். ஐயாவு மூடியைக்கூடச் சாய்க்காமல், கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டு போனார்.

"நான் பொடவை மாத்திக்கிட்டு வந்துர்றேன்," என்றாள் சொர்ணம்மா. "அன்னிக்குக் கட்டியிருந்த மாதிரியே பச்சையில ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். பாத்தா ஞாபகம் வரும்ல?" யாரும் பதில் சொல்வதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ஐயாவு லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதன் இடது விலா சுவரோடு ஒட்டி நின்றது. ரூபா ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டு, "ஹலோ," என்றாள். குரல் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு படுத்தே கிடந்தது. கிட்டப் போய்ச் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். ஓர் அசைவும் இல்லை.

"போயிடுச்சு சார்," என்றாள். வழியெல்லாம் எருமைக்கும் மீனுக்கும் காது கொடுத்த சாமான், தாய்க்காரி பேச வேண்டிய இடத்துக்கு வந்ததும் செத்துவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"முதல்ல எடுத்த பதிவைப் போடு. கடைசிப் பகுதியை மட்டும்."

போட்டாள். ஆட்டோ நின்ற சத்தம். படியேறும் செருப்பு. ஐயாவுவின் குரல், தொடைச்சு வெக்கிறேன். நடந்து போகும் காலடி. துணி உரசும் ஓசை. அப்புறம் 'டக்'கென்று ஒரு சின்ன சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது, நொடிகள் நகர்ந்தன, சத்தம் மட்டும் இல்லை.

சிவப்பிரகாசம் லேப்டாப்பைச் சுவரிலிருந்து திருப்பினார். இடது விலாவில் வரிசையாக நாலைந்து துவாரங்கள். ரோஜா நிற வளையம் போட்ட ஒன்றில் மட்டும் ஒரு ஹெட்போன் முள் செருகியிருந்தது. ஒயரை ஒட்ட நறுக்கி, நறுக்கிய இடத்தை மெழுகால் அடைத்திருந்தார்கள்.

"வெளியிலேருந்து தனி மைக் செருகுற ஓட்டை இது. இதுல எதைச் செருகினாலும், வேற மைக் வந்தாச்சுன்னு நினைச்சு உள்ளே இருக்கிற மைக் வாயை மூடிக்கும். ஸ்பீக்கர் வழக்கம்போலப் பேசும். அதான் அந்தப் பையன் பேசுறது இங்க கேட்டுது, இவங்க பேசுறது அங்க கேக்கல."

ஐயாவு மேல் துண்டால் நெற்றியைத் துடைத்தார். "உப்பு உள்ள போயிரும்னுதான்யா அடைச்சேன். ஜெட்டியில எல்லா மிசினுக்கும் அப்படித்தான் செய்வோம். இதுனாலன்னு எனக்கு வெளங்கல."

ரூபாவுக்கு அப்பாடா என்றிருந்தது. மண்டையை உடைத்துக்கொண்ட வழக்கு ஒரு முள்ளில் முடிந்துவிட்டது. "அரே சாச்சா," என்று சிரித்தேவிட்டாள். "உப்புலேருந்து மைக்கைக் காப்பாத்துறேன்னு மைக்கையே மூடி வெச்சிருக்கீங்க. பிடுங்கிப் போட்டுட்டு டீ போடச் சொல்லுங்க, சலோ."

சிரித்தது அவள் ஒருத்திதான். சிவப்பிரகாசம் பின்கட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பக்கம் இத்தனை ஓட்டை இருக்கு. அந்தப் பக்கமும் இருக்கு. எல்லாம் திறந்துதான் கிடக்கு. உப்பு இந்த ஒரே ஓட்டையைத் தேடி வந்து நுழையுமா ஐயாவு?"

ஐயாவு தரையைப் பார்த்தார்.

"கடைக்குப் போகும்போதெல்லாம் முள்ளைக் கழட்டி அனுப்பியிருக்கீங்க. கடை ஜங்லிகாட்ல, கடலை ஒட்டி. உப்பு இங்கதான் அடிக்கும், அங்க அடிக்காதா?"

ரூபாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தன் அவசரச் சிரிப்பை நினைத்து அவளுக்கே கூசியது.

ஐயாவு மெதுவாக உட்கார்ந்தார்.

"அது முருகையா இல்லைங்க."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் பொதைச்சேன்."

பின்கட்டில் பெட்டி மூடும் சத்தம் கேட்டது. ஐயாவு அதைக் கேட்டுவிட்டு அவசரமாகப் பேசினார், பேச்சை முடித்துவிட வேண்டும் என்பது போல.

"தண்ணி வடிஞ்சப்புறம் தேடிப் போனேன். ரப்பர் ஷீட்டுப் புகை போடுற கொட்டகைக்குக் கீழ கெடந்தான். அவ ஆஸ்பத்திரியில கால்ல கட்டோட கெடந்தா. என்னைப் பாத்ததும் புள்ள எங்கன்னா. காணோம்னு சொன்னேன். கொஞ்சம் தேறட்டும், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு. நாளைக்கும் வந்திச்சு. வாய் வரல. அப்புறம் காணோம்ங்கிறதைப் புடிச்சுக்கிட்டே அவ எந்திரிச்சு நடந்தா. அதைப் புடுங்க எனக்கு நெஞ்சு இல்லைங்க."

"அதுக்கு இந்த முள்ளா?" என்றாள் ரூபா. கேட்டபோது அவளுக்குக் கோபம் வரவில்லை.

"இவ கொரலைக் கேட்டுட்டு அந்தப் பய தெரியலைன்னு சொல்லிட்டா, இவளுக்கு ரெண்டாந்தரமும் புள்ள போயிரும் பாப்பா. மைக்கு ரிப்பேருன்னா, என்னிக்காவது சரியாயிரும்னு இருப்பா."

இதை என்ன செய்வது என்று ரூபாவுக்குத் தெரியவில்லை. முள்ளைப் பிடுங்கினால் ஒருத்தி உடைவாள். பிடுங்காவிட்டால் அவள் ஏமாந்தே இருப்பாள், அங்கே ஒரு பையனும் சேர்ந்து. கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று நம்பி வந்தவளிடம் கண்டுபிடித்ததைச் சொல்ல முடியாத துப்பறியும் நிலையம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

லேப்டாப் மணியடிக்க ஆரம்பித்தது. பச்சைப் புடவையில் சொர்ணம்மா வேகமாக வந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள்.

"சரியாயிருச்சா ஐயா?"

சிவப்பிரகாசம் ஐயாவுவைப் பார்த்தார். "வெச்சவங்க கையாலதான் எடுக்கணும்," என்றார். அவருக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்பது ரூபாவுக்குப் புரிந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐயாவு எழுந்து வந்து முள்ளைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

திரையில் பையன் வந்தான். மீசை அரும்பிய முகம், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. படம் துண்டு துண்டாக நகர்ந்தது. பக்கத்தில் யாருடைய தோளோ தெரிந்தது, வார்டன் போலும்.

"முருகையா," என்றாள் சொர்ணம்மா.

பையன் விருட்டென்று நிமிர்ந்தான். வார்டனைத் திரும்பிப் பார்த்தான். "கேக்குது சார், அவங்க பேசுறது கேக்குது."

சொர்ணம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. திரையைத் தொட்டுக்கொண்டு பேசினாள். நான் அம்மாடா. தோட்டத்துல நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால பலா மரம் இருந்திச்சே. அப்பா சைக்கிள்ல ரப்பர் பால் சேத்துக்கிட்டு வருவாரே. நீ முன்னால ஒக்காந்து மணியடிப்பியே. பையன் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டான். படிக்காமல் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளையின் தவிப்பு அவன் முகத்தில் இருந்தது.

"ஞாபகம் வரலீங்களே."

"வரும், வரும். இரு, இன்னும் சொல்றேன்."

அவள் முகம் வாடுவதை அவனும் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று சொன்னான். "ஆமா, ஒரு நாய் இருந்திச்சு. கறுப்பு நாய். என்கூடவே வரும். இருந்திச்சுல்ல?"

சொர்ணம்மா திகைத்தாள். அடுத்த கணமே தலையை ஆட்டினாள். "இருந்திச்சு. இருந்திச்சுடா."

"நம்மகிட்ட நாய் இருந்ததில்ல சொர்ணம்," என்றார் ஐயாவு.

அவள் திரும்பவில்லை. "பக்கத்து லயத்துல இருந்திருக்கும். நீங்க சும்மா இருங்க."

"அந்தப் புள்ளையப் பொய் சொல்ல வெக்காத. அது நம்ம புள்ள இல்ல. முருகையாவை நான்தான் பொதைச்சேன். ஒங்கிட்டச் சொல்லல."

ஒவ்வொரு ஞாயிறும் செத்துக் கிடந்த மைக், அன்று ஒரு சொல் விடாமல் கடலூருக்குக் கொண்டு போயிற்று. அது போய்ச் சேர்ந்த கணத்தைப் பையனின் முகத்தில் ரூபா பார்த்தாள். லேப்டாப்பை மூடப் பாய்ந்தாள். சிவப்பிரகாசம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திரையின் ஓரத்தில் வார்டனின் கையும் நீண்டது.

"வெச்சுராதீங்க சார்," என்றான் பையன். "நான் பொய்தான் சொன்னேன். வெச்சுராதீங்க."

சொர்ணம்மா கணவரைப் பார்த்தாள். அடிப்பாள், அலறுவாள் என்று ரூபா பயந்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை.

"எங்க?"

"பொகைக் கொட்டகைக்கு மேல இருக்கிற மேட்டுல. தண்ணி எட்டாத எடம்."

"மேல துணி இருந்திச்சா?"

"என் சட்டையச் சுத்தினேன்."

நாற்காலியின் முதுகைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தபோது சொர்ணம்மாவுக்கு வயது ஏறிவிட்ட மாதிரி இருந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். பையன் இன்னும் அங்கேதான் இருந்தான், எந்த நொடியும் படம் அணைந்துவிடும் என்று பயந்தவனாக.

"ஒம் பேரு என்னா தம்பி?"

இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் அவள் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"இங்க சண்முகம்னு கூப்புடுறாங்க."

"சண்முகம்," என்றாள் அவள். செருமிக்கொண்டு, நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் பேசுறது ஒனக்கு நல்லாக் கேக்குதா?"